எண்பத்தாறு படிகளுக்குக் கீழே

பெர்லினுக்கு வர ரெனாட்டே போட்டது ஒரே ஒரு நிபந்தனை. போன வாரம் கிரைஃப்ஸ்வால்ட் வீட்டுச் சமையலறையில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அதைச் சொன்னாள்.

"வால்ட்னர் தெருப் பக்கம் மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க. அந்தப் பேரையே யாரும் எடுக்கக் கூடாது."

மகள் ஸ்வென்யா சரி என்றாள். இறந்துபோன கணவனின் அண்ணன் டெட்லெஃப் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் நாலைந்து தடவை ஆட்டினான். ஏன் அவ்வளவு வேகமாக ஆட்டுகிறான் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அந்த நிபந்தனையை ஊர் வந்து சேர்ந்த மறுநாளே, காலை பத்து மணிக்கு, ரெனாட்டேயின் வாயே காற்றில் பறக்கவிட்டது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பனி உறைந்த நெடுஞ்சாலையில் அவர்கள் கார் சறுக்கியது. ஓட்டியவள் ரெனாட்டே. பக்கத்தில் இருந்த கணவன் ஹோல்கர் அங்கேயே போய்விட்டான். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வால்ட்னர் தெரு வீடோ நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது, எண்பத்தாறு படி. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வெளியே வந்தவள் அந்தப் படிகளின் பக்கம் திரும்பவே இல்லை. டெட்லெஃப் தன் ஊரான கிரைஃப்ஸ்வால்டிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து, அவளையும் பத்து வயது ஸ்வென்யாவையும் குடிவைத்தான்.

"பெர்லின் வீட்டைக் காலி பண்ணிட்டேன். சாமானெல்லாம் கொடுத்தாச்சு. சாவியையும் ஒப்படைச்சாச்சு" என்று அப்போது சொன்னான்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ரெனாட்டே இத்தனை வருடம் தூங்கினாள். வாரத்தில் இரண்டு தடவையாவது அதே கனவு வரும். படி ஏறிக்கொண்டிருப்பாள், தன் காலால்தான். எண்பத்தைந்தாவது படியில் விளக்கு அணையும். மேலே கதவு திறக்கும். திறப்பது ஹோல்கர் என்று அவளுக்குத் தெரியும். அவன் முகத்தில் என்ன இருக்கும் என்பதுதான் தெரியாது. வியர்த்து விழித்துக்கொண்டு, "வீடு காலி, வீடு காலி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்புறம்தான் மூச்சு வரும்.

இப்போது ஸ்வென்யாவுக்கு இருபத்தொன்று. பெர்லினில் மருத்துவச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவள் தங்கப்போகும் அறையைப் பார்க்கத்தான் மூவரும் வந்திருந்தார்கள். பதினொன்றரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

"டாக்ஸியில போயிடலாம்" என்றான் டெட்லெஃப், மூன்றாவது தடவையாக.

"மழைதான் ஒன்பது மணிக்கே விட்டுடுச்சே. சுரங்க ரயில்ல இருபது நிமிஷம்" என்றாள் ஸ்வென்யா. "நாளைக்கு அம்மா தனியா என்னைப் பார்க்க வர வேணாமா? இப்பவே பழகட்டும் பெரியப்பா."

"கேட்டியா? என்னைப் பழக்கறா" என்றாள் ரெனாட்டே. "நேத்து அந்த ஓட்டல் வாசல்ல நீ பண்ணின கூத்துக்கு, இவ என்னைப் பழக்கறதே மேல்."

ஓட்டல் வாசலில் மூன்றே படி. வாயில்காப்போனும் டெட்லெஃப்பும் ஆளுக்கு ஒரு பக்கமாக நாற்காலியைத் தூக்கக் குனிந்தார்கள். "கையை எடுங்க. நான் உருளைக்கிழங்கு மூட்டை இல்ல" என்றாள். பின்பக்கமாகச் சுற்றி, சமையலறை வழியே, சூப் அண்டாக்களுக்கு நடுவே தானே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பதினோரு வருடமாக அவளை யாரும் தூக்கியதில்லை. தூக்க விட்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு வீம்பு.

பிளாட்பாரத்தில் ரயிலின் தலை வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தார்கள். ரயில் நின்றதும் ஓட்டுநர் தன் அறையிலிருந்து இறங்கி வந்தார். மடக்கிய சாய்பலகையை எடுத்து முதல் கதவில் போட்டார். தொப்பையும் மீசையுமாக ஒரு மனிதர், முகத்தில் சிரிப்பு என்ற பொருளே கிடையாது.

"எங்க இறங்கணும், சின்னப் பொண்ணே?"

முப்பதிலிருந்து தொண்ணூறு வரை எந்தப் பெண்ணையும் பெர்லின்காரர்கள் இப்படித்தான் கூப்பிடுவார்கள். ரெனாட்டேக்கு ஐம்பத்திரண்டு.

"வால்ட்னர் தெரு" என்றாள்.

ஒன்பது வருடம் இந்த ஊரில் யார் எங்கே போகணும் என்று கேட்டாலும் அதைத்தானே சொல்லியிருக்கிறாள். கேள்வி வந்தது, பதில் போய்விட்டது. ஓட்டுநர் தலையாட்டிவிட்டு, அவள் ஏறியதும் பலகையை மடக்கி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரயில் கிளம்பிவிட்டது.

"அம்மா, நாம அதுக்கு மூணு ஸ்டேஷன் தள்ளிப் போகணும்" என்றாள் ஸ்வென்யா மெதுவாக.

"தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"நான் சொல்லலடி. வாய் சொல்லிடுச்சு."

ஓட்டுநரிடம் ஒரு நிலையத்தைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அங்கே அவர் இறங்கி வந்து பலகை போடுவார். நடுவில் மனசை மாற்றிக்கொள்ளும் வசதியெல்லாம் நடக்கிறவர்களுக்குத்தான்.

டெட்லெஃப் எழுந்து ஓட்டுநர் அறைக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினான். ஒலிபெருக்கி கரகரத்தது.

"முதல் பெட்டியில கதவைத் தட்டற ஐயா தட்டறதை நிறுத்தினா, நாம எல்லாரும் இன்னிக்கே போய்ச் சேரலாம்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. டெட்லெஃப் சிரிக்கவில்லை. அக்டோபர் குளிரில் அவன் நெற்றி வேர்த்திருந்தது. ரெனாட்டே அதைப் பார்த்தாள். தனக்குப் பயம் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. இவனுக்கு என்ன வந்தது?

"விடு டெட்லெஃப். அவர் வந்ததும் நானே சொல்லிக்கறேன், தப்பாச் சொல்லிட்டேன்னு" என்றாள்.

அப்படித்தான் நினைத்திருந்தாள். சத்தியமாக அப்படித்தான். வால்ட்னர் தெரு வந்தது. அதே மஞ்சள் ஓடு பதித்த சுவர். கதவு திறந்தது, பலகை விழுந்தது. ரெனாட்டேயின் கை சக்கர வளையத்தின் மேல் இருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சின்னப் பொண்ணே, எனக்குப் பின்னால ஒரு ரயில் என் முதுகை மோந்துட்டு நிக்குது" என்றார் ஓட்டுநர். "இறங்கறீங்களா, இல்ல என்னோட கடைசி வரைக்கும் வந்து காபி சாப்பிடறீங்களா?"

"வேணாம், போகலாம்" என்றான் டெட்லெஃப் அவசரமாக. "இவங்க இங்க இறங்கல."

அந்த அவசரம்தான் காரியத்தைக் கெடுத்தது. பதினோரு வருடமாக எதற்கும் அவசரப்படாத மனுஷன் இவன். ரெனாட்டே அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், வளையத்தைத் தள்ளினாள், இறங்கிவிட்டாள். மற்ற இருவரும் பின்னால் குதித்தார்கள்.

அவள் இருந்த காலத்தில் இந்த நிலையத்தில் லிஃப்ட் இல்லை. ஒரு கையில் காய்கறிப் பை, இடுப்பில் ஸ்வென்யா என்று படியேறித்தான் போவாள். இப்போது கண்ணாடிப் பெட்டி ஒன்று அவளை மேலே கொண்டுபோய், பழைய படிவாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் கக்கியது. எல்லாம் இருந்தன. ரொட்டிக் கடை, பூட்டுக்காரன் கடை, மூலை மதுக்கடை. எல்லாமே ஒரு கை உயரம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் இந்தத் தெருவை நின்றுகொண்டு மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

நடைபாதை நடுவில் பெரிய கல் பலகைகள், இரண்டு பக்கமும் பொடிக்கல். மழை ஈரம் இன்னும் காயவில்லை. நடுப்பலகை மேல் நாற்காலியை ஏற்றிவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்காலி தானாக நகர்ந்தது.

"டெட்லெஃப், கேக்காம தள்ளாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் தள்ளல" என்றான் டெட்லெஃப். அவன் இரண்டடி தள்ளி, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். ஸ்வென்யா அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

நாற்காலி போய்க்கொண்டே இருந்தது. மெதுவாக, யாரோ பின்னால் கைவைத்து நிதானமாக அழைத்துப் போகிற மாதிரி. ரெனாட்டே குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். தெரு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சரிகிறது, அவ்வளவுதான். ஒன்பது வருடம் நடந்த காலுக்கு அந்தச் சரிவு தெரியவே இல்லை. சக்கரம் முதல் நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. காரணம் புரிந்த பிறகும் அவள் பிரேக்கைத் தொடவில்லை. பழைய வீட்டின் பதினான்காம் எண் வாசல் வந்ததும் தரை சமமாகி, நாற்காலி தானாகவே நின்றது.

"பார்த்தாச்சுல்ல, திரும்பலாம்" என்றான் டெட்லெஃப். "அறைக்காரங்க காத்திட்டிருப்பாங்க."

"நான் போன் பண்ணி மத்தியானம் வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றாள் ஸ்வென்யா. அம்மாவின் முகத்தைப் பார்த்த உடனே அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

வாசல் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் அழைப்பு மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு குடும்பப் பெயர். கீழ்வரிசையில் எல்லாம் தெரியாத பெயர்கள். ரெனாட்டேக்கு மனசு கொஞ்சம் லேசானது. வேறு ஆட்கள், வேறு குடித்தனம். மேலேயும் அப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு புதுப் பெயரைப் பார்த்துவிட்டால் போதும், அந்தக் கனவுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம். ஆனால் நாலாவது மாடி மேல்வரிசை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பித்தளையில் வானம்தான் பளபளத்தது.

"ஸ்வென்யா, மேல்வரிசையில இடது பக்கம். என்ன பேர் இருக்கு, படி."

ஸ்வென்யா நெருங்கிப் பார்த்தாள். விரலை வைத்து மறுபடி பார்த்தாள்.

"என்னடி, எழுத்து மறந்துபோச்சா?"

"அம்மா... மார்விட்ஸ்னு இருக்கு."

அது அவர்கள் பெயர்.

"மாத்தாம விட்டிருப்பாங்க" என்றான் டெட்லெஃப். "சோம்பேறிப் பசங்க. இந்த ஊர்ல எவன் மாத்தறான்?"

"எந்த மையில எழுதியிருக்கு?" என்று கேட்டாள் ரெனாட்டே.

"பச்சை."

பச்சை மையில் எழுதியவன் ஹோல்கர். அவள் குடிவந்த அன்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, படம் வரைகிற மாதிரி எழுதினான். வெயில் படுகிற வாசல் அது. இரண்டு வருடத்தில் வெளுத்துப் போகும், மறுபடி எழுதுவான். பதினோரு வருடத்தில் அந்தத் தாள் வெள்ளையாகவே ஆகியிருக்க வேண்டும்.

"மங்கலா இருக்கா?"

"இல்லம்மா. நேத்து எழுதின மாதிரி இருக்கு."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. ரெனாட்டே நாற்காலியை அரைவட்டமாகத் திருப்பி டெட்லெஃப்பைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றான். "வருஷா வருஷம் வசந்தகாலத்துல அவன் எழுத்து மேலயே மறுபடி எழுதிடுவேன்."

"வீடு?"

"விடல. வாடகைப் பத்திரம் முதல்லேர்ந்தே என் பேர்லதானே இருக்கு, நானே கட்டிட்டு வர்றேன். நீ வர்றதுக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் இருந்த வீடு அது. ஒவ்வொரு மாசமும் முதல் சனிக்கிழமை வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போவேன்."

"முதல் சனிக்கிழமை நீங்க கோரஸ் பாட்டுக்குல்ல போறீங்க?" என்றாள் ஸ்வென்யா.

"எனக்கு எங்கடி பாட்டு வரும்? சுருதியே சேராது."

வேறு நாளாக இருந்தால் ரெனாட்டே சிரித்திருப்பாள். அவளுக்கு வந்தது கோபம். அடிவயிற்றிலிருந்து, உணர்வே இல்லை என்று டாக்டர்கள் சொன்ன இடத்திலிருந்து வந்தது.

"பதினோரு வருஷமா நான் என்ன சொல்லித் தூங்கறேன் தெரியுமா உனக்கு? வீடு காலி, வீடு காலின்னு சொல்லித் தூங்கறேன். அங்க யாருமில்ல, ஒண்ணுமில்ல, எனக்காக எவனும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கலன்னு. நீ என்னன்னா, அவன் பேருக்கு மை போட்டுட்டு வந்து என் வீட்லயே காபி குடிச்சிருக்கே."

"பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனேன், ரெனாட்டே" என்றான். "கதவைத் திறந்தேன். உன் நீல மழை பூட்ஸ் கதவுக்குப் பின்னால ஜோடியா நின்னுச்சு. இப்ப வந்து போட்டுக்குவேங்கற மாதிரி. அதை எடுத்துப் பெட்டியில போட எனக்குக் கை வரல. அதை எடுக்காம வேற எதையும் எடுக்க முடியல. என் தம்பியும் போயிட்டான், உன் காலும் போயிடுச்சு. அந்தப் பூட்ஸையாவது விட்டுவெக்கலாம்னு..."

ஸ்வென்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெனாட்டேக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. இரண்டுக்கும் அவன் குனிந்தால்தான் எட்டும்.

"எத்தனை சாவி இருக்கு?"

"ஒண்ணுதான். வேற யாருக்கும் கொடுக்கல."

"அதை ஸ்வென்யாகிட்டக் குடு" என்றாள். "மேல போடி. எதையும் தொடாதே. எல்லா ஜன்னலையும் திறந்து வை, அது போதும். நான் முற்றத்துல நின்னு திறந்த ஜன்னலைப் பார்க்கணும். உள்ள இருக்கறது எதுவா இருந்தாலும் வெளிய போகட்டும். இன்னிக்கே இதை முடிச்சுடணும்."

ஸ்வென்யா தெருக்கதவைத் தள்ளித் திறந்தாள். வண்டிகள் போய்வந்த பழைய நுழைவழி என்பதால் உள்ளே தரை சமம்தான். இருட்டும் ஈரக்கல் வாசனையும் மாறவே இல்லை. ரெனாட்டே முற்றத்துக்குத் திரும்பாமல் மாடிப்படி அடிவரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். முதல் படியில் சக்கரம் முட்டி நின்றது. சுவரில் விளக்குப் பொத்தான் சிவப்பாக மினுக்கியது. அழுத்தினால் இரண்டு நிமிஷம் எரியும், அப்புறம் தானே அணைந்துவிடும்.

ரெனாட்டே பொத்தானை அழுத்தினாள். ஸ்வென்யா ஏறினாள்.

சின்ன வயதில் எண்ணிக்கொண்டே ஏறுவாள். இன்றைக்கும் எண்ணினாள். முதல் மாடி வரை குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. அறுபத்தொன்றில் விளக்கு அணைந்தது.

"அம்மா."

"இரு, இரு." மறுபடி அழுத்தினாள்.

"எண்பத்தஞ்சு" என்றது மேலே குரல். ரெனாட்டே கண்ணை மூடிக்கொண்டாள். விளக்கு அணையவில்லை. "எண்பத்தாறு. வந்துட்டேன்."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அடுத்து கதவு முனகியது. கனவில் கேட்கும் அதே முனகல், கொஞ்சமும் மாற்றமில்லை. ரெனாட்டேயின் விரல்கள் வளையத்தை இறுக்கின. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. ஜன்னல் திறக்கும் ஓசைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"ஸ்வென்யா?"

"அம்மா." குரல் சின்னதாகிப் போயிருந்தது, பத்து வயதுக் குரல் மாதிரி. "உன் நீல பூட்ஸ் இங்க இருக்கு."

"அதான் பெரியப்பா சொன்னாரேடி. அதைத் தாண்டிப் போ."

"இல்லம்மா. அது ஈரமா இருக்கு."

டெட்லெஃப் சுவரில் சாய்ந்தான்.

"என்னது?"

"ரெண்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. கீழ தண்ணி தேங்கி நிக்குது. அடியில புது மண்ணு. யாரோ மழையில நடந்துட்டு வந்து இப்பதான் கழட்டி வெச்ச மாதிரி இருக்கு."

"நான் வந்தே பன்னண்டு நாளாச்சு" என்றான் டெட்லெஃப். "சத்தியமா சொல்றேன் ரெனாட்டே, சாவி இது ஒண்ணுதான்."

விளக்கு அணைந்தது. இருட்டில், நாலு மாடிக்கு மேலே, ஒரு பலகைத் தரை மெல்ல அழுந்தும் ஓசை. ஸ்வென்யா நிற்கும் வாசலில் பலகை கிடையாது. பலகை பதித்தது உள்ளறையில்தான்.

ரெனாட்டே பொத்தானை அழுத்தினாள். வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது அவள் பாதங்கள்தான். கால் பலகையின் மேல் காய்ந்து, சுத்தமாக, அசையாமல் இருந்தன. பதினோரு வருடமாக விழித்துக்கொண்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தாள். இப்போது விழித்துத்தான் இருக்கிறாள். மேலே அந்த வாசலில் தனியாக நிற்பவள் அவள் பெற்ற பெண்.

"ஸ்வென்யா, உள்ள போகாதே. அங்கயே நில்லு. நான் வர்றேன்."

பிரேக்கைப் போட்டாள். மடியில் கிடந்த சால்வையை எடுத்துக் கீழே எறிந்தாள். இரண்டு கைகளையும் டெட்லெஃப்பின் கழுத்தை நோக்கி நீட்டினாள்.

"டெட்லெஃப், என்னைத் தூக்கு" என்றாள்.